கழித்துப் போட்ட கோடுகள்

என் அப்பாவின் முகத்தை நான் முதன்முதலாகப் பார்த்தது அலுவலகத்துக் கணினியில். பக்கத்து மேசைக்காரன் டிமேயின், வாய் நிறைய வறுத்த வாழைப்பழத்தை வைத்துக்கொண்டு, "இந்தா, உங்கப்பன்" என்றான். அப்போது எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. அழுகை வந்தது. வாயை மூடிக்கொண்டு மென்று தொலைக்கக் கூடாதா என்று அவன்மேல் எரிச்சலும் வந்தது.

அப்பா லாமிதி இறந்தபோது நான் அம்மாவின் வயிற்றில் இருந்தேன். இஃபே சாலையில் லாரி கவிழ்ந்துவிட்டது. அவருடைய துணிமணி, பெட்டி, சுவரில் மாட்டியிருந்த படங்கள் எல்லாவற்றையும் வழக்கப்படி பெரியப்பா வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். பிறகு அந்த வீடு தீப்பிடித்து எரிந்தது. ஆக, எனக்கு அப்பா என்பது ஒரு பெயர், அவ்வளவுதான்.

சின்ன வயதில் கண்ணாடி முன்னால் நின்று ஒரு கணக்குப் போடுவேன். நெற்றி அம்மாவுடையது, அதைக் கழி. மூக்கு அம்மாவுடையது, கழி. உதடும் அவளுடையதுதான். கழித்தது போக மீதி நிற்பது அப்பா. இரண்டு காதும் ஒரு மோவாயும் மிஞ்சும். காதும் மோவாயும் மட்டும் உள்ள ஆளை எப்படி அப்பா என்று கூப்பிடுவது?

அம்மாவிடம் கேட்டுப் பயனில்லை. இபாதானில், மொகோலா பக்கம் அவளுக்கு ஒரு சாப்பாட்டுக் கடை. கிழங்கு மாவில் கிண்டும் அமாலாக் களியும் கீரைக் குழம்பும் சாப்பிட ஊரே அங்கே வரும். ஊர் வாயெல்லாம் அவள் கையில். அவள் வாயோ யார் கையிலும் இல்லை.

"அப்பா எப்படிம்மா இருப்பார்?"

"எப்படி இருப்பார்? நல்லாத்தான் இருப்பார். இல்லேன்னா நான் எதுக்குக் கட்டிக்கிட்டேன்? நகருடி, குழம்பு அடிபிடிக்குது."

இதற்கு மேல் ஒரு சொல் பெயராது.

போன மழைக்காலத்தில் என் பெரியம்மா மகன் சிக்கிரு ஒரு குறுந்தகடு கொண்டுவந்து கொடுத்தான். யாரோ உறவுக்காரர் கல்யாணத்தில் எடுத்த பழைய வீடியோ நாடா பரணில் கிடந்ததாம். அதைக் கணினியில் பார்க்கிற மாதிரி மாற்றிக்கொண்டு வந்திருந்தான்.

"பச்சைத் தொப்பி போட்டு ஆடறாரே, அவர்தான் உங்கப்பா. எங்கம்மா காட்டினாங்க" என்றான்.

ஆடுகிறவர் ஒரே ஒரு நொடி கேமரா பக்கம் திரும்பி யாரையோ கூப்பிட்டுச் சிரித்தார். அந்த நொடியை நிறுத்திப் பார்த்தேன். நாடா கெட்டுப்போயிருந்ததால் படம் முழுக்க, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, படுக்கைவாட்டில் கோடுகள். ஜன்னல் மறைப்புப் பட்டைகளுக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கிற மாதிரி இருந்தது. சிரிக்கிறார் என்று தெரிகிறது. சிரிக்கிற முகம் எது என்று தெரியவில்லை. அடப்பாவமே, இவ்வளவு தூரம் வந்துவிட்டு இப்படியா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஆனால் கோடு நீக்குவது என் பிழைப்பு. செயற்கைக்கோள் மேலேயிருந்து எடுத்து அனுப்புகிற வயல் படங்கள் எங்கள் அலுவலகத்துக்கு வரும். வரும்போதே கருவியின் கோளாறினால் படுக்கைவாட்டில் கோடுகள் விழுந்திருக்கும். அதை நீக்கிக் கொடுத்தால்தான் எங்கே மக்காச்சோளம் காய்கிறது, எங்கே தண்ணீர் நிற்கிறது என்று மற்றவர்கள் பார்க்க முடியும். அதற்கான நிரலை எழுதியது டிமேயின். அவன் கணிதம் படித்தவன், வார்ரி ஊர்க்காரன். வார்ரிக்காரர்கள் வாயைத் திறந்தால் சிரிக்காமல் இருக்க முடியாது. சில நாள் அறையாமலும் இருக்க முடியாது. நான் மண்ணும் பயிரும் படித்தவள். பொத்தானை அமுக்குவேன், கோடு போய்விடும். எப்படிப் போகிறது என்று அதுவரை கேட்டதில்லை.

அன்றைக்குக் கேட்டேன். அப்பாவின் முகத்தில் கை வைக்கப் போகிறான், என்ன செய்கிறான் என்று தெரிய வேண்டாமா?

"போன சனிக்கிழமை கல்யாணத்துக்குப் போனியே, பந்தல்ல எல்லாரும் எப்படி உட்கார்ந்திருந்தாங்க?" என்று கேட்டான்.

"எப்படியோ. கிடைச்ச நாற்காலியில."

"அசோ எபித் துணி?" கல்யாணத்துக்குக் கூட்டம் கூட்டமாக ஒரே மாதிரி எடுத்துக் கட்டுகிற துணியைக் கேட்டான்.

"பொண்ணு வீட்டு ஆளுங்க நீலம். மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க கோடு போட்ட துணி. பொண்ணோட சிநேகிதிங்க ஆரஞ்சு. இப்ப எதுக்கு அது?"

"இருடி, சொல்றேன். எல்லாரும் கலந்து உட்கார்ந்திருக்காங்க. ஒருத்தன் மைக்கைப் பிடிச்சு, 'ஒரே துணி கட்டினவங்க எல்லாம் ஒண்ணா வந்து நில்லுங்க'ங்கிறான். நீலம் ஒரு பக்கம், ஆரஞ்சு ஒரு பக்கம், கோடு ஒரு பக்கம். யாராவது வெளிய போனாங்களா? இல்ல. புதுசா யாராவது வந்தாங்களா? இல்ல. நிக்கிற வரிசைதான் மாறிச்சு. 'திரும்பப் போய் உட்காருங்க'ன்னா அதே பந்தல், அதே கூட்டம். அதான் ஃபூரியர் உருமாற்றம்."

"அவ்வளவுதானா? இதுக்கா நாலு வருஷம் படிச்சே?"

"மைக்கைப் பிடிக்கக் கத்துக்க நாலு வருஷம்" என்றான்.

படத்தை உருமாற்றிக் காட்டினான். முகமும் இல்லை, தொப்பியும் இல்லை. கறுப்புத் திரையின் நடுவில் வெள்ளையாக ஒரு திட்டு. சுற்றிலும் மங்கலான பொடி. திட்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் பளிச்சென்று புள்ளிகள், கம்பம் நட்ட மாதிரி.

"ஒரு படம்னா என்ன? வெளிச்சம் ஏறி இறங்கற அலைங்கதான். மெதுவா ஏறி இறங்கற அலைங்க நடுவுல நிக்கும். கன்னத்து வெளிச்சம், கழுத்து நிழல், அதெல்லாம் அங்கே. சட்டுசட்டுன்னு மாறுற அலைங்க வெளி ஓரத்துல. மயிர், சுருக்கம், தொப்பி விளிம்பெல்லாம் அங்கே. படுக்கைவாட்டுக் கோடு அத்தனையும் இந்தக் கம்பத்துல வந்து நிக்கும். இப்ப இந்தக் கம்பத்தை வெளிய அனுப்பப் போறேன்."

நடுத்திட்டை மட்டும் விட்டுவிட்டு, அந்தக் கம்பத்தை மேலிருந்து கீழ்வரை பட்டையாக அழித்தான். வயல் படங்களுக்கு நாங்கள் எப்போதும் செய்கிறது அதுதான். வயல் படத்தில் படுக்கைவாட்டில் வரி வரியாக எது தெரிந்தாலும் அது அழுக்கு என்று எங்கள் கை பழகிவிட்டது. பிறகு எல்லாரையும் திரும்பப் போய் உட்காரச் சொன்னான். வாழைப்பழத்தை வாயில் போட்டுக்கொண்டான்.

"இந்தா, உங்கப்பன்."

வழவழவென்று, பளிச்சென்று ஒரு முகம். சினிமாக்காரர்களுக்கு இருக்கிற மாதிரி. காது என் காது, மோவாய் என் மோவாய். கழித்தது போக மீதியாக நின்றதெல்லாம் அங்கே ஓர் ஆளின் மேல் ஒட்டிக்கொண்டு சிரித்தது. அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. கைபேசியில் போட்டுக்கொண்டு வாசல் காவலர் வரைக்கும் காட்டினேன். பெரிதாக அச்சடித்து, கண்ணாடி போட்ட சட்டத்தில் மாட்டி, மறுநாளே அம்மாவின் கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன்.

மதியக் கூட்டம் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. அம்மா இடுப்புத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினாள். தூக்கிப் பிடித்தாள். வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"யாருடி இது?"

"அப்பாம்மா."

"யாரோட அப்பா?"

மூலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த டாக்சிக்காரர் சிரித்துவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னோட அப்பா. லாமிதி. உன் புருஷன்."

அம்மா மறுபடியும் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "இஸ்திரி போட்ட மூஞ்சி. எவளோ ஒருத்தி புருஷனைக் கொண்டாந்து என் கையில குடுத்துட்டு நிக்கிறே. இவரை எனக்குத் தெரியாது."

"முப்பது வருஷமாச்சும்மா. உனக்கு மறந்துபோச்சு."

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று எனக்கே உறைத்தது. அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். சட்டத்தை மேசைமேல் குப்புற வைத்தாள். துடுப்பை எடுத்து, வெறும் பானையைக் கிண்டுகிற மாதிரி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "போ, உனக்கு வேலை இருக்கும்" என்றாள்.

வெளியே வந்ததும் சிக்கிருவைக் கூப்பிட்டு உலுக்கினேன். "சத்தியமா அவர்தான். வேணும்னா எங்கம்மாவையே கேளு. நீ பேசினா பெரியவங்கன்னுகூடப் பார்க்க மாட்டே, அதனால நானே கேட்டுச் சொல்றேன்" என்றான். கேட்டும் சொன்னான். அவர்தான்.

பிறகு நானும் அம்மாவும் பேசிக்கொள்ளவில்லை. அவள் சொல்வது சரி என்றால் எனக்கு அப்பா இல்லை. நான் சொல்வது சரி என்றால் அவளுக்குப் புருஷன் இல்லை. எங்கேயோ, எந்தப் பானையைக் கிண்டும்போதோ, அவர் முகத்தை அவள் தொலைத்துவிட்டாள் என்று அர்த்தம். இரண்டில் எது நடந்திருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். சொன்னால் வெட்கக்கேடு. எனக்கு அந்த வழவழ முகம் வேண்டியிருந்தது.

சில நாள் கழித்து அம்மா அலுவலகத்துக்கே வந்து நின்றாள். தலையில் திருநாளுக்குக் கட்டுகிற தலைத்துணி, கையில் சாப்பாட்டுப் பெட்டி. கடையை மூடிவிட்டா வந்தாள் என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அவள் என்னைத் தாண்டிப் போய் டிமேயின் முன்னால் பெட்டியை வைத்தாள்.

"நீதான் படம் பண்ணவனா? முதல்ல சாப்பிடு. அப்புறம் திட்டறேன்."

டிமேயின் எழுந்து, குனிந்து வணக்கம் சொன்னான். "திட்டிட்டே சாப்பாடு போடுங்கம்மா. எங்கம்மாவும் அப்படித்தான்."

"நான் அந்தச் சட்டத்துல இருக்கிறவனைப் பார்க்க வரலை. சிக்கிரு சொன்ன அந்த நாடாவைப் போடு. ஓடறதைப் போடு."

போட்டான். மேளம் அடிக்கிறது, தூசி கிளம்புகிறது, கூட்டம் ஆடுகிறது. எல்லாவற்றின் மேலும் கோடுகள். பச்சைத் தொப்பி ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தது. அம்மாவின் கை தானாக மேலே எழுந்தது.

"அதோ! அதோ வரார் பாரு! தோளை முதல்ல விட்டு, காலை அப்புறம் விடுவார். எங்க கல்யாணத்துல இப்படி ஆடித்தான் என் கால் கட்டைவிரலை மிதிச்சார் மனுஷன்!"

சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வேறு. மறக்கவில்லை, அவள் மறக்கவே இல்லை.

தொப்பிக்காரர் திரும்பிச் சிரித்த நொடியில் டிமேயின் படத்தை நிறுத்தினான். "இவர்தானேம்மா?"

"இவரேதான்."

கோடு நீக்கிய படத்தைப் பக்கத்தில் வைத்தான். "இது?"

"இது இல்ல."

"அம்மா, ரெண்டும் ஒரே ஆள்தான். அதே நொடி. நடுவுல நான் ஒண்ணும் சேர்க்கலை."

"சேர்க்கலை. எடுத்தியா?"

டிமேயின் தலையைச் சொறிந்தான். "கோட்டை எடுத்தேன். வெறும் குப்பைம்மா."

"எடுத்த குப்பையை என்ன பண்ணினே? தெருவுல போட்டுட்டியா?"

"இங்கேதான் இருக்கு. எடுத்ததைத் தனியா வச்சிருப்பேன், எப்பவும்."

"அதைக் காட்டு."

குப்பையை யாரும் பார்க்கக் கேட்டதில்லை. நாங்களே பார்த்ததில்லை. கறுப்புத் திரையில் அழித்துத் தனியே வைத்திருந்த அந்தக் கம்பத்தை மட்டும் எடுத்து, அதை மட்டும் திரும்பப் போய் உட்காரச் சொன்னான். பந்தலில் வேறு யாரும் இல்லை. வெளியே அனுப்பியவர்கள் மட்டும் அவரவர் இடத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

சாம்பல் நிறத்தில் ஒரு படம் வந்தது. கோடி முதல் கோடி வரை நாடாவின் கோடுகள். முகம் இல்லை. புருவம் இருக்க வேண்டிய இடத்தில், உதடு இருக்க வேண்டிய இடத்தில் லேசான மங்கல், அவ்வளவே. ஆனால் அந்த ஒன்றுமில்லாததன் நடுவில், இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று, குட்டிக் குட்டிக் கோடுகள். கொஞ்சம் வளைந்து, அந்த இடத்திலேயே தொடங்கி அந்த இடத்திலேயே முடிந்தன.

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு விரலை நீட்டித் திரையைத் தொட்டாள்.

"இதோ இருக்கார்" என்றாள். "இதான் என் புருஷன்."

அபாஜா. ஓயோ வம்சத்துக் கன்னக்கோடு, குழந்தையிலேயே கத்தியால் கீறிவிடுவார்கள். அப்பா வயதுக்காரர்களில் பாதிப் பேர் கன்னத்தில் அது உண்டு. அம்மாவின் கடையில் தினமும் அந்தக் கன்னங்கள்தான் களி மெல்லுகின்றன. அம்மாவுக்கு இல்லை; அவளுடைய அப்பா பள்ளிக்கூட வாத்தியார், போட விடவில்லை. நானும் ஒரு கோட்டைக்கூடச் சந்தேகப்படாமல் நாடாவின் அழுக்கோடு சேர்த்து அப்பாவையும் கூட்டித் தள்ள விட்டிருக்கிறேன்.

"ஒரு தடவையாவது சொன்னியாம்மா, அவருக்குக் கோடு இருந்துச்சுன்னு?" என்று கத்தினேன். அழுதுகொண்டேதான் கத்தினேன்.

"மூக்கு இருந்துச்சுன்னு சொன்னேனா? வாய் இருந்துச்சுன்னு சொன்னேனா? எல்லாருக்கும் இருக்கறதை எவளாவது சொல்லிட்டுத் திரிவாளா?" என்றாள். பிறகு குரல் இறங்கிற்று. "அப்ப என்னைக்குக் கரண்ட் இருந்துச்சு? விளக்கைப் பார்த்ததைவிட இருட்டைப் பார்த்ததுதான் அதிகம். கையை நீட்டினா இந்த மூணு மேடு விரல்ல தட்டும். வந்துட்டார்னு தெரிஞ்சுக்குவேன். முகத்தைப் பார்த்த ஞாபகத்தைவிட விரல் ஞாபகம்தான் எனக்கு."

டிமேயின் முகம் தொங்கிப்போயிருந்தது. "மன்னிச்சிடுங்கம்மா. எங்க பக்கம் இந்த வழக்கம் கிடையாது. இது படுக்கைக் கோடு, அதுவும் படுக்கைக் கோடு. கல்யாணப் பந்தல்ல..." என்று அசோ எபிக் கதையை அவளிடமும் சொன்னான்.

அம்மா முழுக்கக் கேட்டாள். "ஆகமொத்தம், கோடு போட்ட துணி கட்டினவன் எல்லாம் திருடன்னு வெளிய தள்ளிட்டே. மாப்பிள்ளையோட அப்பாவும் அதே துணியைத்தான்டா கட்டியிருப்பார்! துணியைப் பார்த்தா போதுமா, ஆளைப் பார்க்க வேண்டாமா?"

அவ்வளவு நேரமும் தொங்கியிருந்த அவன் முகம் சட்டென்று நிமிர்ந்தது. கறுப்புத் திரையை மறுபடி கொண்டுவந்தான். கம்பத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னான்.

"மொரோன்கே, நாடாக் கோடு படம் முழுக்க ஒரே இடைவெளியில ஓடுது. அப்படின்னா அது குறிப்பிட்ட புள்ளிகள்ல மட்டும்தான் நிக்கணும், ஊசிமுனை மாதிரி. கன்னத்துக் கோடு கொஞ்ச தூரத்துலயே முடிஞ்சுடுது. அது ஒரு புள்ளியில நிக்காது, புகை மாதிரி பரவி நிக்கும். நான் மண்வெட்டி போட்டு மொத்தமா வெட்டிட்டேன். ஊசியை மட்டும் பிடுங்கியிருக்கணும்."

பளிச்சிடும் புள்ளிகளை மட்டும் ஒவ்வொன்றாக, நெருக்கிப் பிடித்து அழித்தான். சுற்றியிருந்த புகையைத் தொடவில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "ம், ம், பார்த்து" என்று ஊசியில் நூல் கோக்கிறவனுக்குச் சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள். அழித்து முடித்துத் திரும்ப உட்காரச் சொன்னான்.

அப்பா இரண்டாவது முறை வந்தார்.

உள்ளதைச் சொல்கிறேன், முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கன்னக்கோடு போட்ட பையனைப் பூனை பிராண்டிய மூஞ்சி என்று கூப்பிட்டவர்களில் நானும் ஒருத்தி. என் வழவழ அப்பா போய்விட்டார். இவர் வயதானவராக, பட்டிக்காட்டு மனிதராக, அம்மாவின் கடையில் கடன் சொல்லிச் சாப்பிடுகிறவரைப் போல இருந்தார். படத்தில் இன்னும் லேசாக அழுக்கும் மிச்சம் இருந்தது. ஆனால் சிரிப்பு மாறியிருந்தது. முன்பு உதடுதான் சிரித்தது. இப்போது கன்னத்துக் கோடுகளும் கூடவே வளைந்து சிரித்தன. கேமராவுக்குப் பக்கத்தில் நின்ற யாரையோ கூப்பிட்டு அவர் அப்படிச் சிரிக்கிறார்.

"யாரைம்மா கூப்பிடறார்?"

"என்னைத்தான். உன்னை வயித்துல வச்சுக்கிட்டு வாந்தி எடுக்காம ஒரு ஓரமா நின்னுட்டிருந்தேன், 'ஆட வா'ங்கிறார்."

அந்தப் படம்தான் இப்போது எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. பழைய படத்தைச் சட்டத்திலிருந்து நானே உருவிப் போட்டேன். அம்மா வேறொன்று கேட்டாள். குப்பைப் படத்தையும் அச்சடித்துக் கொடு என்றாள். உள்ளங்கை அளவில் அடித்துக் கொடுத்தோம். அதைத் தன் கைப்பையில் வைத்திருக்கிறாள். கடைக்கு வருகிறவர்கள் இது என்ன கோடு கோடாக ஒரு காகிதம் என்று கேட்டால், "என் வீட்டுக்காரர்" என்பாள். கேட்டவர்கள் சும்மா போய்விடுவார்கள்.

போன வாரம் மதியம் நான் கடைக்குப் போயிருந்தேன். அம்மா கிழங்கு மாவு சலித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அந்த மேடு எவ்வளவு பெரிசா இருக்கும்? தொட்டா எப்படி இருக்கும்?"

அம்மா சல்லடையை வைத்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். என் மோவாயைப் பிடித்துத் திருப்பி, மாவு ஒட்டிய விரலால் என் கன்னத்தில் காதுப் பக்கமிருந்து வாய்ப் பக்கம் வரை மெதுவாக இழுத்தாள். கீழே ஒன்று. அதற்கும் கீழே ஒன்று. பிறகு அந்தப் பக்கக் கன்னம்.

"இவ்வளவு நீளம். இந்த அழுத்தம். புரியுதா?"

புரிந்தது. மாவைத் துடைக்காமல் அப்படியே வெயிலில் நடந்து அலுவலகத்துக்கு வந்து, என் இடத்தில் உட்கார்ந்து, வயல் படங்களைத் திறந்தேன்.

டிமேயின் எட்டிப் பார்த்தான். என் இரண்டு கன்னத்தையும் பார்த்தான்.

"கோடு விழுந்திருக்கே. நீக்கணுமா?" என்றான்.

"கையை வச்சே, முறிச்சிடுவேன்" என்றேன்.